நீதிபதி பிக்கெட் போடாமல் விட்ட கையெழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது.

இருபத்திரண்டு வருஷமாக இண்டியானாவில், பெல்ஃபீல்ட் என்கிற ஊரின் நீதிமன்றப் பதிவறையில் வேலை பார்க்கிறேன். பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. போன பிப்ரவரியில் பனி கொட்டி, ஒரு ஈ காக்காய்கூட வராத நாளில், 1884-இல் அச்சான மாவட்ட வரலாறு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிப் புத்தகங்களின் சங்கதி இங்கே எல்லோருக்கும் தெரியும். சந்தா கட்டியவர் தன் வாழ்க்கைக் குறிப்பைத் தானே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தார்கள். அதனால் 1884-இல் இந்த மாவட்டத்தில் ஒரு கெட்டவன்கூட வசிக்கவில்லை.

அதில் ஆசா பிக்கெட் என்பவருக்கு ஒன்றரைப் பக்கம். வழக்கறிஞர், இரண்டு முறை சட்டசபை உறுப்பினர், பிறகு பல வருஷம் நீதிபதி. எல்லாம் வழக்கமான புராணம்தான். நடுவில் மட்டும் ஒரு வரி: "ஒரு நாளின் பதிவேட்டைக்கூட அவர் கையெழுத்திடாமல் விட்டதில்லை."

ஏனய்யா, உம்மை யார் கேட்டது? கையெழுத்துப் போடுவது நீதிபதியின் அன்றாட வேலை. தினமும் பல் தேய்த்தேன் என்று யாராவது வாழ்க்கை வரலாற்றில் எழுதுவார்களா? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற ஆளை என்னால் சும்மா விட முடியாது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

(பிக்கெட் என்று ஒருவர் இருந்ததில்லை. பெல்ஃபீல்ட் என்று நான் சொல்லும் ஊரும் இல்லை. புத்தகமும் நான் கட்டியதுதான். எரிச்சல் மட்டும் நிஜம். இதை இனி திரும்பச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "1821-ஆம் ஆண்டு, கென்டக்கியில் ஒரு மரக்கட்டைக் குடிசையில், பிற்காலத்தில் புகழ்பெறப்போகும்—"

வேண்டாம். அந்தக் காலத்து அரசியல்வாதிகளில் குடிசையில் பிறக்காதவனும் குடிசையில் பிறந்ததாகத்தான் ஓட்டுக் கேட்டான்.

இரண்டாவது தொடக்கம்: "அவருடைய கூர்மையான கண்களில் நீதியின்—"

சீ. இதை எழுதியது நானா?

மூன்றாவதாக, சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிக்கிறேன். 1852, ஏப்ரல். அப்போது நீதிமன்றம் ஊர் ஊராகப் போகும். நீதிபதியும் வழக்கறிஞர்களும் குதிரையில் கூட்டமாகக் கிளம்பி, ஓர் ஊரில் நாலு நாள், அடுத்த ஊரில் நாலு நாள் என்று சுற்றுவார்கள். பகலில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். சாயங்காலம் ஒரே விடுதியில் கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுப்பார்கள். அன்று பெல்ஃபீல்ட் விடுதியில் ஏழு வழக்கறிஞர்கள் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். நீதிபதி மாடியில் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். மூன்று போர்வை போட்டும் பல் தந்தி அடித்தது.

நீதிபதி படுத்துவிட்டால், வந்திருக்கும் வழக்கறிஞர்களே தங்களுக்குள் ஒருவரை அன்றைக்கு நீதிபதியாக உட்கார வைப்பார்கள். அதுதான் வழக்கம்.

"யாருக்கு இன்னைக்குக் கேஸ் இல்லையோ அவன் உட்காரட்டும்," என்றார் ஒரு கிழவர்.

"ஆசாவுக்குத்தான் என்னைக்குமே கேஸ் இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆசா பிக்கெட்டுக்கு அப்போது முப்பத்தொரு வயது. வாய் நிறையச் சோள ரொட்டி.

"சிரிங்கய்யா, சிரிங்க. மேல ஏறி உட்கார்ந்தப்புறம் ஒவ்வொருத்தனையா கவனிச்சுக்கிறேன்," என்றார்.

வெளியேதான் இந்த வீறாப்பு. உள்ளே சந்தோஷம் பிய்த்துக்கொண்டு போயிற்று. மாடிக்கு ஓடி, நடுங்கிக்கொண்டிருந்த நீதிபதியிடமே வெளுத்த கழுத்துப்பட்டை ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைய மூன்றாவது வழக்கு கெசியா ஸ்ட்ரௌட் என்ற பெண்ணுடையது. இருபத்துமூன்று வயது. கணவன் ஸ்ட்ரௌட் கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டப் போகிறேன் என்று கிளம்பி மூன்று வருஷம் ஆகிவிட்டது. விவாகரத்து வேண்டும் என்று கேட்டாள். தபால்காரர் சாட்சி சொன்னார்.

"ஒரு கடுதாசிகூட வரலைங்க. வந்திருந்தா எனக்குத் தெரியாம போகாது. இந்த ஊர்ல யாருக்கு யார் என்ன எழுதுறாங்கன்னு எனக்கு அத்துப்படி."

"அது ஊருக்கே தெரியுமே!" என்று பின்னால் யாரோ கத்த, கட்டடம் அதிரச் சிரிப்பு. ஆசா மேஜையைத் தட்டி அடக்கினார். தட்டுவது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு விவாகரத்துக் கொடுத்தார். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

கெசியா நகராமல் நின்றாள்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாம்மா. நிம்மதியா போங்க."

அவ்வளவு இல்லை. ஒரு நாள் நடந்ததை எழுத்தர் மறுநாள் காலையில் படித்துக் காட்டுவார். அந்த நாளில் உட்கார்ந்த நீதிபதி அடியில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அந்தப் பக்கத்துக்கு உயிர். மறுநாள் விடிந்தபோது நிஜ நீதிபதிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஆசாவோ இருபது மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். அங்கே அவருடைய கட்சி சட்டசபைக்கு ஆள் பொறுக்குகிறது என்று தகவல் வந்திருந்தது. முந்தின நாள் நீதிபதியாக இருந்தவர், தூங்கி எழுந்ததும் பழையபடி வழக்கறிஞர் ஆகிவிட்டார். தன் கையெழுத்துக்காக ஒரு பக்கம் காத்திருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. பதிவேடு அடுத்த பக்கம் போயிற்று, அடுத்த வருஷமும் போயிற்று.

ஆசாவைக் கட்சி பொறுக்கியது. அவர் ஜெயித்தார்.*

* இந்த இடத்தில் சட்டசபையில் அவர் ஆற்றிய கால்வாய் உரையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். நானே தூங்கிவிட்டேன். கிழித்தாயிற்று.

3

1880, மே. ஆசாவுக்கு ஐம்பத்தொன்பது. தலை நரைத்து, தாடி வைத்து, பார்த்தாலே நீதிபதி என்று தெரிகிற முகம். ஊரில் மரியாதை. இன்னும் மூன்று வாரத்தில் கட்சி மாநாடு கூடி, மாநில உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தலுக்கு (இங்கே அதற்கும் ஓட்டுத்தான்) நிற்கப் போகிறவர்களை அறிவிக்கும். அவர் பெயர் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை, நீதிமன்ற எழுத்தர் லெம் ஹாட்லி அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கையில் தோல் அட்டை போட்ட பெரிய பதிவேடு.

"ஜட்ஜய்யா, ஒரு சின்ன விஷயம்."

"நீ சின்ன விஷயம்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு வாரத் தூக்கம் போகுதுய்யா, லெம்."

"போகட்டும். முதல்ல உட்காருங்க."

"உட்கார்ந்துதானே இருக்கேன்."

"அப்போ கெட்டியா உட்காருங்க."

லெம் விஷயத்தைச் சொன்னார். கெசியா ஸ்ட்ரௌட் விவாகரத்துக்குப் பிறகு ஏனோஸ் விட்மர் என்ற விவசாயியைக் கட்டிக்கொண்டாள். நாலு பிள்ளைகள். ஏனோஸ் போன மார்ச்சில் உயில் எழுதாமலே இறந்துபோனார். இப்போது அவருடைய தம்பி ஜோனஸ் வழக்குப் போட்டிருக்கிறான். முதல் கல்யாணமே முறியவில்லை, அதனால் என் அண்ணனோடு நடந்தது கல்யாணமே இல்லை, பண்ணை எனக்குத்தான் என்கிறான். வியாழக்கிழமை விசாரணை. கெசியா தன் விவாகரத்துப் பதிவின் நகல் கேட்டு நேற்று வந்தாள். லெம் எழுதித் தரப் பழைய பதிவேட்டைத் திறந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. கேஸ் நம்பர், சாட்சி, தீர்ப்பு. அடியிலதான் பொட்டல்காடு."

ஆசா பக்கத்தைப் பார்த்தார். முதலில் அவருக்குத் தோன்றியது, அன்றைய எழுத்தர்தான் நினைவுபடுத்தியிருக்க வேண்டும் என்பது. அந்த எழுத்தர் செத்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இறந்தவர் மேல் பழி போடப் பார்த்த தன் புத்தியை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ஸ்ட்ரௌட் உயிரோட இருக்கானா?"

"கல்லுக்குண்டு மாதிரி இருக்கானாம். சாக்ரமென்டோவில கடை வச்சிருக்கான். விவாகரத்துன்னு ஒரு தகவலே எனக்கு வந்ததில்லைன்னு ஜோனஸ் அவன்கிட்ட இருந்து கடுதாசியே வாங்கி வச்சிருக்கான்."

லெம் தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பக்கத்தைப் பார்த்தது நானும் நீங்களும்தான். நாளைக்கு மத்தியானம் நான் சாப்பிடப் போவேன். எனக்குச் சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும், ஊருக்கே தெரியும். புஸ்தகம் மேஜை மேல திறந்து கிடக்கும். அப்புறம் அந்த மை... புது மைன்னா பளிச்சுன்னு தெரியும், அதனால நான்—"

"வாயை மூடு, லெம்."

"மூடிட்டேன்."

4

இங்கே கொஞ்சம் நிற்போம். உங்களுக்கு நிலைமை புரிய வேண்டும்.

நேர் வழி ஒன்று இருக்கிறது. அன்றைக்குச் செய்யத் தவறியதை இன்றைக்குப் பதிவு செய்ய அனுமதி கேட்டு மனுப் போடலாம். தன் தவறைத் தானே விசாரிக்க முடியாது என்பதால் வெளியூர் நீதிபதி ஒருவர் வந்து விசாரிப்பார். ஆசா சாட்சியாக ஏறி, ஊர் முன்னால், "நான் மறந்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்னால். சரி, அவர் பாடு போகட்டும். வந்த நீதிபதி மனுவை ஏற்காவிட்டால்? இருபத்தெட்டு வருஷம் கழித்து வரும் ஒருவரின் ஞாபகத்தை நம்ப முடியாது என்று தள்ளிவிட்டால்? கெசியா வீட்டை விட்டு வெளியே. பிள்ளைகள் நாலு பேருக்கும் அப்பன் பெயர் இல்லை.

மறைமுக வழி, லெம் சாப்பிடுகிற அந்த ஒரு மணி நேரம்.

என் முதல் வரைவில் ஆசா இரவெல்லாம் புரண்டு படுத்து, விடிந்ததும் நேர் வழியைத் தேர்ந்தெடுத்தார். நான் நெகிழ்ந்துபோனேன். கெசியாவுக்கு அந்த வரைவில் ஒரே ஒரு வாக்கியம்தான்: "கெசியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விம்மி—"

முந்தானையாம்! இண்டியானாவில் எந்தப் பெண் முந்தானை போட்டிருந்தாள்? அந்த அபத்தம்தான் என்னை உலுக்கியது. இந்த ஆள் தன் மனசைக் கழுவிக்கொள்ள இன்னொருத்தியின் வீட்டைப் பந்தயம் வைக்கிறான். நான் அவளைக் கேட்கக்கூட இல்லை. நானும் அவனும் சேர்ந்துதான் இதைச் செய்தோம்.

அதனால் கிழித்துப் போட்டுவிட்டு, ஆசாவைக் குதிரை வண்டியில் ஏற்றி அவளிடம் அனுப்பினேன். அதையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று நினைத்தேன்.

(ஆசாவுக்கு மனைவி உண்டு. வேண்டுமென்றேதான் உள்ளே விடவில்லை. விட்டால் ஐந்து நிமிஷத்தில் ஒரு முடிவு எடுத்துக் கொடுத்துவிடுவாள்.)

5

கெசியா முற்றத்தில் சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இரும்புக் கொப்பரையில் கொழுப்பும் சாம்பல் காரமும் கொதித்தன. கிண்டுவதை நிறுத்தினால் பாழாகிவிடும். அதனால் அவள் நிறுத்தவில்லை.

"வாங்க ஜட்ஜய்யா. இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, அங்கே நின்னா புகை கண்ணைக் கரிக்கும்."

ஆசா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. லெம் சொன்னதைக்கூட. சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அந்த நிம்மதி அவருக்கே பிடித்திருந்தது.

"கையெழுத்து இல்லையா?"

"இல்லம்மா."

"நான் அன்னைக்கே கேட்டேன். அவ்வளவுதானான்னு."

"கேட்டீங்க. என் தப்புதான். கோர்ட்டுல ஏறி நின்னு அதைச் சொல்லிடலாம்னு பார்க்கிறேன். அதுதான் முறை."

"சொன்னா வீடு நிக்குமா?"

"நிக்கலாம்."

"லாமா?"

"வர்ற ஜட்ஜைப் பொறுத்தது."

"யாருக்கும் தெரியாம போட்டுட்டா?"

"நிக்கும்."

"அப்புறம் என்ன யோசனை?"

"அது பொய்யாகிடும், விட்மரம்மா."

அவள் துடுப்பைக் கொப்பரை விளிம்பில் தட்டினாள்.

"எதுங்க பொய்? அன்னைக்கு நீங்க எனக்குத் தீர்ப்புச் சொன்னது பொய்யா? இருபத்தாறு வருஷம் நான் ஏனோஸோட வாழ்ந்தது பொய்யா? என் மூத்தவன் மூக்கைப் பாருங்க, அப்படியே அவங்கப்பா மூக்கு. அது பொய்யா?"

"இல்லை."

"அன்னைக்கு உங்களுக்கு மறதி. இன்னைக்கு உங்களுக்கு மனசாட்சி. ரெண்டுக்கும் நான்தானா கிடைச்சேன்?"

ஆசா, சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் முப்பது வருஷம் பேசிப் பிழைத்த மனிதர். கையிலிருந்த தொப்பியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படின்னா," என்றார் கடைசியில், "நான் நாளைக்கு மத்தியானம் போட்டுடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

நான் இங்கே அத்தியாயத்தை முடிக்க இருந்தேன். அவள் தலையாட்டுவாள், அவர் வண்டி ஏறுவார் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவள் கிண்டுவதை நிறுத்திவிட்டாள். சோப்புப் பாழானால் பாழாகட்டும் என்று நிறுத்திவிட்டாள்.

"வியாழக்கிழமை ஜோனஸோட வக்கீல் என்னைக் கூண்டுல ஏத்துவான் இல்லையா?"

"ஏத்துவான்."

"பைபிள் மேல கை வைக்கச் சொல்லுவாங்க. இந்தப் பத்திரத்துல கோளாறு ஏதாவது உனக்குத் தெரியுமான்னு ஒருத்தன் கேட்டா, நான் என்னங்க சொல்லட்டும்? நேத்து வரைக்கும் தெரியாது. நேத்து கேட்டிருந்தா தெரியாதுன்னு தைரியமா சொல்லியிருப்பேன். இப்போ தெரிஞ்சுபோச்சே."

"அம்மா—"

"ஏன்யா வந்து சொன்னீங்க?" அவள் குரல் உடைந்தது. "போடறதா இருந்தா என்கிட்ட சொல்லாம போட்டிருக்கணும். சொல்றதா இருந்தா என்னைக் கேக்காம கோர்ட்டுல சொல்லியிருக்கணும். ரெண்டும் இல்லாம, தூக்கிட்டு வந்து என் முற்றத்துல இறக்கிட்டீங்களே. உங்களுக்கு இப்போ லேசா இருக்கும். இருக்குதா?"

ஆசாவுக்கு லேசாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வி வரும்வரை.

6

அவரை அங்கே அனுப்பியது நான். நல்லது செய்வதாக நினைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவர் ரகசியமாகக் கையெழுத்துப் போடுகிறார். கூண்டில் கெசியாவிடம் அந்தக் கேள்வியை வக்கீல் கேட்கிறான். அவள் "தெரியாது" என்கிறாள். பண்ணை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் எப்போதும் உட்காரும் முன்வரிசையை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்காருகிறாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாம் முடிவில் அவர் கூண்டேறிச் சொல்லிவிடுகிறார். வந்த நீதிபதி மனுவை ஏற்கிறார். மாநாட்டில் ஆசாவின் பெயரை அடித்துவிடுகிறார்கள். வீடு பிழைக்கிறது, உண்மையும் பிழைக்கிறது, போனது ஒரு பதவி மட்டும். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அவ்வளவு பிடித்திருப்பதாலேயே நம்ப முடியவில்லை. எல்லோரையும் காப்பாற்றும்படி அந்த வெளியூர் நீதிபதியை அங்கே உட்கார வைத்தது நான்தானே? நிஜத்தில் கெசியாவுக்கு அப்படி யாரும் எழுதித் தரப்போவதில்லை.

மூன்றாம் முடிவில் அதே கூண்டு, அதே வாக்குமூலம். மனு தள்ளுபடி. ஜோனஸ் வண்டியோடு வந்து நிற்கிறான். கெசியா கட்டிலைப் பிரித்து ஏற்றுகிறாள். ஊர்க்காரர்கள் ஆசாவின் கையைப் பிடித்து, "எவ்வளவு நேர்மை ஐயா உங்களுக்கு!" என்று குலுக்குகிறார்கள். அவர் கையை இழுத்துக்கொள்கிறார், அவர்கள்—

இதற்கு மேல் எழுத முடியவில்லை. கை ஓடவில்லை.

7

புதன்கிழமை மத்தியானம் வரை கொண்டுவந்து விடுகிறேன். அது மட்டும்தான் என்னால் முடியும்.

மணி பன்னிரண்டு. லெம் தொப்பியை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிடப் போய்விட்டார். பதிவேடு மேஜை மேல் திறந்திருக்கிறது. பக்கத்தில் மைக்கூடு. ஆசா வந்து உட்கார்ந்து, கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு, இன்னும் பேனாவைத் தொடாமல் இருக்கிறார். கதவு திறக்கிறது. கெசியா, தேவாலயத்துக்குப் போடும் கறுப்புக் கவுனில்.

"விட்மரம்மா, நீங்க இங்கே இருக்கக் கூடாது. யாராவது பார்த்தா—"

"பார்க்கட்டும்."

"நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறேன். சொல்லுங்க."

"மாட்டேன். நான் சொன்னா அப்புறம் அது என் தலையில விடியும். இது உங்க பக்கம், உங்க கையெழுத்து, நீங்க முடிவு பண்ணுங்க. பண்றப்போ நான் எதிர்ல இருக்கணும், அவ்வளவுதான்."

எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கைகள் மடியில். சாம்பல் காரம் பட்டுச் சிவந்த கைகள். ஆசா அவளைப் பார்க்கிறார், பக்கத்தைப் பார்க்கிறார், மறுபடி அவளைப் பார்க்கிறார். அவருக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பத்தொன்பது வயதில், தன் சொந்த நீதிமன்றத்தில், ஒரு விதவை எதிரே உட்கார்ந்திருப்பதற்காகப் பயமாக இருக்கிறது.

அந்த அறையில் ஒரு மாதமாக நானும் உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுந்து வெளியே வருகிறேன், நீங்கள் உள்ளே போங்கள். பேனாவை எடுக்கச் சொல்வீர்களோ, பதிவேட்டை மூடச் சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிவை ஆசாவிடம் சொல்லாதீர்கள். அவர் எதைச் செய்தாலும் கருணை என்றோ நேர்மை என்றோ ஒரு நல்ல பெயர் அவருக்குக் கிடைத்துவிடும். பெஞ்சில் இருக்கிறவளிடம் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் கத்த மாட்டாள், அழ மாட்டாள். "இது யாருக்காகங்க?" என்று மட்டும்தான் கேட்பாள்.

என்னிடமும் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.